றெக்கைக் கடைக்காகப் பேர் பதிந்தவள்

எங்கள் தோட்டத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல பேச்சு உண்டு. "அவன்தான் ஆத்தாவ மலையிலேருந்து எறக்குனவன்" என்பார்கள். அது பொய் இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மாவை நான்தான் வேலையை விட்டு நிறுத்தினேன். ஹட்டனில் கோழி றெக்கைக் கடை போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தேன். அம்மா இறங்கிய இடத்தில் யாரை ஏற்றினேன் என்று யாரும் கேட்பதில்லை. நானும் சொன்னதில்லை. இத்தனை வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டு, அடக்கமாகச் சிரித்து, அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

என் தங்கையை ஏற்றினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினேழு வயதில் கொழும்புக்குப் போனவன் நான். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். முதலில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினேன். பிறகு குடிக்கும் இடம் ஒன்று சேர்ந்த ஒரு ஹோட்டலில் குசினி வேலை. அங்கே நெஞ்சும் தொடையும் மேசைக்குப் போகும். றெக்கைகள் குவிந்து கிடக்கும். குடிக்க வருகிறவர்கள் கொறிக்க அதை வைத்து ஒரு சமையல்காரர் பைட் செய்வார். றெக்கையை மூட்டு மூட்டாக வெட்டி, வினாகிரியிலும் மிளகிலும் ஊறவைத்து, ஒரு தரம் பொரித்து ஆறவிட்டு, மறுபடியும் பொரித்து, கடைசியில் வெள்ளைப்பூண்டும் இடித்த சிவப்புக் கொச்சிக்காயும் சீனியும் சேர்ந்த கலவையில் பிரட்டி எடுப்பார். இரண்டாவது பொரிப்பில்தான் விசயம். அதை நான் பார்த்தே கற்றுக்கொண்டேன். கேட்டால் சொல்லியிருக்கமாட்டார்.

கொழும்பில் யாராவது ஊரைக் கேட்டால் "ஹட்டன் டவுன்" என்பேன். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம்; அந்தச் சொல் என் வாயிலிருந்து அங்கே ஒரு நாளும் வந்ததில்லை. நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தின் பேரும் வந்ததில்லை. அப்படி ஏழு வருடம் பேசிப் பழகினால், அந்தப் பொய் நாக்கிலேயே குடியிருக்கும்.

தொண்ணூற்றெட்டின் கடைசியில் திரும்பி வந்து ஹட்டனில் இடம் தேடினேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறுகிற படிக்கட்டின் பாதியில், இரும்புக் கடை முதலாளி ஒருவருக்குச் சொந்தமான சாமான் அறை காலியாக இருந்தது. இரண்டு பேர் கையை விரித்தால் சுவரைத் தொடலாம். அவ்வளவுதான் அகலம். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

"தோட்டமில்லைங்க முதலாளி. கொழும்பு."

"கொழும்புல எங்க?"

"வெள்ளவத்த."

"வெள்ளவத்தயிலயா? பேச்சுல நோர்வூட்டு வாடை அடிக்குதே."

கடைக்குள் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய பாட்டனும் எங்கள் பாட்டன் வந்த கப்பலில்தான் வந்திருப்பார், ஆனால் கடைத்தெருவில் இறங்கியவர். இடத்தைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் கோழி வாடை அவர் கடைப் பக்கம் வரக்கூடாது என்று ஒரு நிபந்தனை. நான் படி இறங்கும்போது காது இரண்டும் சுட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அறையைக் கழுவ அம்மா வந்தார். மலையில் வேலை முடித்து அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கொழுந்துக்கறை பிடித்த விரல்கள், தலையில் கூடைக்கயிறு அழுத்திய தடம். முதலாளி கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஆத்தாளுக்கு இன்னைக்கு எத்தன கிலோ?" என்று அன்பாகத்தான் கேட்டார். அம்மா கிலோவைச் சொல்லி, "மழைங்க ஐயா, இல்லாட்டி இன்னும் பறிச்சிருப்பேன்" என்றார். நான் உள்ளே வாளியோடு நின்றேன். வெளியே வரவில்லை. அவர்கள் பேசி முடிக்கும் வரைக்கும் கழுவிய சுவரையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன். அம்மாவுக்கு இடுப்பு வலி என்றோ, வயதாகிவிட்டது என்றோ முடிவெடுக்கவில்லை. கடைக்காரனின் அம்மா கொழுந்துக் கூடையோடு படியேறி வரக்கூடாது. அதுதான் காரணம். பிறகு அதற்கு மேலே பாசத்தைப் பூசினேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் லயத்துக் காம்பிரா, அந்த ஒற்றை அறை, ஒரு குடும்பத்திடம் இருக்க வேண்டுமென்றால், அந்தக் குடும்பத்தில் ஒருவருடைய பேராவது செக்றோலில், தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், இருக்க வேண்டும். பேர் பதிவது என்போம். பேர் பதிந்தவர் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று வேலை வாங்கவேண்டும். பேரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பேரைக் கொடுக்காவிட்டால், கொஞ்ச நாளில் ஆபீஸிலிருந்து ஆள் வரும். காம்பிராவைக் கேட்டு வரும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பேர் அம்மாவுடையது. அந்தப் பேரை வெட்டினால் அவருடைய சேமலாபப் பணம் கைக்கு வரும், அதில் எண்ணெய்ச் சட்டியும் கண்ணாடிப் பெட்டியும் வாங்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அம்மா மறுபடி பேர் பதிய முடியாது. வயது போய்விட்டது.

மிச்சம் இருந்தது இரண்டு பேர். நானும் தங்கையும்.

தங்கை ஹட்டனில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்தில் இருபது காம்பிரா. அந்த இருபதிலிருந்தும் உயர்தரத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். தினமும் நோர்வூட் வரைக்கும் நடந்து, பஸ் பிடித்துப் போவாள். திரும்பி வந்து இஸ்தோப்பில், அந்தச் சின்ன முன்விறாந்தையில், சாக்கைப் போட்டு உட்கார்ந்து எழுதுவாள். கொப்பி மிச்சமாகட்டும் என்று எறும்பு எழுத்தில் எழுதுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சை எடுத்தேன். கடைக்கான கலவையைச் செய்து பார்க்க, தங்கை வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறே மாசம் பாப்பா. கடை ஒழுங்கா நிக்கிற வரைக்கும். அப்புறம் டவுன்ல ஒரு வீடு பாத்துருவோம். இந்தக் காம்பிராவே நமக்கு வேணாம்."

"ஆறு மாசத்துக்குப் பொறகு பரீட்ச கிட்ட வந்துரும்ணே."

"பரீட்ச அடுத்த வருசமும் வரும்ல?"

"பரீட்ச வரும்" என்றாள். "நான் வருவேனா?"

அம்மா குறுக்கே வந்தார். "எதுக்குடா தம்பி இதெல்லாம்? நானே போறேன். எனக்கு மலை பாரமா?"

"நீங்க சும்மா இருங்கம்மா. இத்தன வருசம் ஏறி எறங்குனது போதும்" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டால் அது பாசம் மாதிரித் தெரியும். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை அம்மாவைப் பார்த்தாள், பூண்டைப் பார்த்தாள். அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து, தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழுந்து பீலிக்கரைக்குப் போனேன். திரும்பி வந்தபோது, "சரிண்ணே. ஆறு மாசம்னு சொல்லியிருக்க" என்றாள்.

லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. அம்மாவை வேலையிலிருந்து நிறுத்துகிற மகன் எங்கள் பக்கம் பெரிய ஆள். பக்கத்துக் காம்பிரா அக்கா இஸ்தோப்பில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "பெத்தா இப்பிடி ஒன்னு பெக்கணும். நம்ம வீட்டுலயும் ஒன்னு கெடக்கு, ஆத்தா பறிச்சுப் போடப் போட ஊதித் தள்ளுது." உள்ளேயிருந்து அவர் மகன், "எல்லாம் எனக்குக் கேக்குது" என்றான். "கேக்கட்டும்னுதான்டா சொல்றேன்." எல்லோரும் சிரித்தோம். தங்கையும் சிரித்தாள். ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பி, நீ ஏன் பேர் பதியப் போகிறாய் என்று கேட்கவில்லை. வயதுக்கு வந்த பெண் பேர் பதிவது அங்கே செய்தி இல்லை.

முதல் நாள் பெரட்டில் நடந்ததைப் பக்கத்து அக்கா வந்து சொன்னார். கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்து, "அடடே, ஏ லெவல் கொழுந்தா! ரெண்டு இலை ஒரு மொட்டு, கணக்குத் தெரியும்லம்மா?" என்றாராம். தங்கை கூடையை மாட்டிக்கொண்டு போனாளாம். அக்கா இதைப் பெரிய பகிடியாகச் சொன்னார். நானும் பகிடியாகவே கேட்டுக்கொண்டேன்.

ஜனவரியில் கடையைத் திறந்தேன். திறந்த உடனேயே ஒரு முட்டாள்தனம் தெரிந்தது. சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் அது. மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் எங்கள் படிக்கட்டுக்குக் கீழேதான் நிரம்பும். அத்தனை சனம் இறங்குகிறதே, றெக்கை பறந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மலைக்குப் போகிறவன் கோழி தின்பானா? மூக்கைப் பொத்திக்கொண்டு கடையைக் கடந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊறவைத்த றெக்கையை நாங்களே தின்றோம், முதலாளி கடைப் பையன்களுக்குக் கொடுத்தோம், மிச்சத்தைக் கொட்டினோம்.

நாலாம் நாள் பகலில், மலை ஏறி இறங்கி கால் நொண்டிக்கொண்டு வந்த ஒரு கூட்டம் ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று படியேறி வந்தது. "இவரய் மல்லி, தென் கன்ட புளுவன்" என்றார் ஒருவர். எல்லாம் முடிந்தது தம்பி, இனித் தின்னலாம் என்று அர்த்தம். இரண்டு நாள் மரக்கறி தின்ற வாய். சட்டியில் இருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு போகிற சனத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இறங்கி வருகிற சனத்துக்காகப் பொரித்தேன். கடை காலூன்றி நின்றுவிட்டது.

அம்மாவை முக்காலியில் உட்கார வைத்தேன் என்று மேலே எழுதினேன். அவர் உட்கார்ந்தது குறைவு. ஹட்டன் குளிரில் பச்சைத்தண்ணியில் றெக்கை கழுவி, மூட்டு வெட்டி, மயிர் பிடுங்கினார். விரல் வெடித்துப்போனது. மலையில் அட்டை கடித்தது, கடையில் தண்ணி கடித்தது. ஓய்வு நேரத்தில் பை ஒட்டுவார். பழைய கொப்பி, பரீட்சைத் தாள் எல்லாம் நிறுத்து விற்கிற கடை ஒன்று பஜாரில் இருந்தது. அங்கே வாங்கி, தாளைக் கிழித்து மடித்து, கோதுமை மாவுப் பசை போட்டு ஒட்டி, அடுப்புச் சுவர் ஓரம் காயவைப்பார். வடை, கடலை, றெக்கை எதை வாங்கினாலும் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடத்தில்தான் சுற்றித் தருவார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பை நேராக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

புதன்கிழமைகளில் ஒரு ஆசிரியர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து, ஆறு றெக்கை தின்பார். எலும்பில் ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டார். ஒரு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உம்மட முகச்சாயலில ஒரு பிள்ளை என்ர வகுப்பில இருந்தவ. நோர்வூட் பக்கம். உமக்குச் சொந்தமோ?"

அம்மா அந்த நேரம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். கடையில் வேறு நாலு பேர் இருந்தார்கள், டவுன் ஆட்கள்.

"தங்கச்சிங்க சேர்."

"அட! சொல்லாமல் கொள்ளாமல் நிண்டுட்டா. என்ன நடந்தது?"

"கொழும்புல கம்பியூட்டர் படிக்கிறாங்க சேர்" என்றேன். யோசிக்கவே இல்லை. வெள்ளவத்தை என்று சொன்ன அதே நாக்கு.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் என்னால் மறக்க முடியாதது. "நல்ல காரியம், நல்ல காரியம். ஆனா சோதினையை விடவேண்டாமெண்டு சொல்லும். நல்ல கெட்டிக்காரி. என்ர வகுப்பு இடாப்பில பேர் இன்னும் வெட்டேல்லை." அடுத்த புதன் ஒரு கட்டு நோட்ஸ் கொண்டுவந்தார். கைப்பட எழுதி, நூலால் கட்டியது. "அவவுக்கு அனுப்பிவிடும்." வாங்கி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். தங்கையிடம் கொடுத்தால், கொழும்புக் கதையையும் சொல்ல வேண்டிவரும். அங்கேயே கிடந்தது.

ஆறு மாசம் முடிந்தது. கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் வீடு பார்க்கவில்லை. தங்கை ஒரு தடவை ஜாடையாகக் கேட்டாள். "டவுன்ல வாடக எப்பிடிண்ணே?" என்றாள். "எல்லாம் நெருப்பு வெல" என்றேன். மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை. நல்ல மழை. பஸ்ஸுக்கு ஒதுங்கியவர்கள் கடை நிறைய நின்றார்கள். ஆசிரியர் மூலையில் உட்கார்ந்து, அன்றைக்குத் தட்டு காலியாக இல்லாததால் பையிலேயே வாங்கித் தின்றுகொண்டிருந்தார். நாலு தின்றிருப்பார். கையை நிறுத்தினார். பையிலிருந்த மிச்சத்தை வாழையிலைத் துண்டில் கொட்டிவிட்டு, ஒட்டிய இடத்தை மெல்லப் பிரித்து, தாளை விரித்தார். எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ஒன்றையொன்று வெட்டிப் போகிற இரண்டு கோடு வரைந்த படம். பக்கத்தில் எறும்பு எழுத்து. கீழே சிவப்பு மையில், "நன்று. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதவும்."

"இது என்ர கையெழுத்து" என்றார்.

நான் சட்டியைக் கிளறினேன்.

"தம்பி, உம்மைத்தான். இது உம்மட தங்கச்சியின்ர பொருளியல் கொப்பி. கொப்பி இங்க கிடந்தால் அவ அங்க எதை வச்சுப் படிக்கிறா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பழையது, புதுக் கொப்பி வாங்கிவிட்டாள், அப்படி ஏதாவது. அதற்குள் பின்னாலிருந்து அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். சேர் என்றால் அம்மாவுக்கு அவ்வளவு மரியாதை.

"பாப்பாவோட கொப்பிதாங்க சேர். அதுதான் குடுத்துச்சு. சும்மாத்தானே கெடக்குது, ஒட்டுங்கம்மான்னு கட்டோட தூக்கிக் குடுத்துச்சு."

"அவ எங்கையம்மா இப்ப?"

"மலையிலங்க சேர். எனக்குப் பதிலா அதுதானே பேர் பதிஞ்சிருக்கு. இன்னைக்கு மேமலைல பறிக்கிறாங்க. மழைல நனைஞ்சுக்கிட்டு நிக்கும்."

எனக்குத் தெரியாது. கொப்பியை அவளே கொடுத்தாள் என்று எனக்கு அந்த நிமிசம் வரைக்கும் தெரியாது. பஜாரில் வாங்கிய தாள் என்றே நினைத்து, எத்தனை பேருக்கு அந்தப் பையில் போட்டுக் கொடுத்தேனோ. அந்த ஆறு மாசம் ஒருநாளும் முடியப்போவதில்லை என்பது எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கடையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் தங்கைக்குச் செய்ததை நினைத்து எனக்கு வெட்கம் வரவில்லை. மேமலை, பேர் பதிவு என்று அம்மா டவுன்காரர்கள் முன்னால் போட்டு உடைத்துவிட்டாரே என்றுதான் வெட்கம் வந்தது. சரியான வெட்கம் வர இன்னும் ஒரு நாள் ஆனது.

ஆசிரியர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எண்ணெய் சட்டையில் ஊறியது. குடையை எடுத்தார்.

"இந்த மாதக் கடைசி மட்டும் இடாப்பில பேர் கிடக்கும். பிறகு அதிபர் வெட்டச் சொல்லிப் போடுவார். நான் இவ்வளவு நாளும் ஒரு சாட்டுச் சொல்லி வச்சிருந்தனான். அதுக்குள்ள கூட்டிக்கொண்டு வாரும். வாற வருசச் சோதினைக்கு விடலாம்."

இரண்டு றெக்கையை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். முதல் தடவையாக.

சனம் கலைந்ததும் அம்மா மேல் பாய்ந்தேன். "உங்களுக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?"

"நான் என்னடா பொய்யா சொன்னேன்?"

"எதுக்கு மலையப் பத்தி இங்க பேசுறீங்க?"

அம்மா கத்தியை எடுத்து அடுத்த றெக்கையை வெட்டத் தொடங்கினார். "மலை இல்லாட்டி இந்தச் சட்டி எங்கேருந்துடா வந்துச்சு?" என்றார்.

மறுநாள் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். மடுவக் கொட்டகைக்கு வெளியே பெண்கள் வரிசையாகக் கூடையோடு நின்றார்கள். தங்கை கடைசியில் நின்றாள். தலையில் சாக்கு, இடுப்பில் அம்மா கட்டியிருந்த அதே படங்கு. கன்னம் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் பயந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு என்னாச்சுண்ணே?"

"ஒன்னுமில்ல. ஒங்க சேர் வந்தாரு. இந்த மாசத்துக்குள்ள வந்தா சேத்துக்கிறாராம். நீ பள்ளிக்கூடம் போ."

அவள் முகத்தில் ஒன்று வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தது. முன்னால் நின்ற ஒரு அக்கா திரும்பி, "என்னா, றெக்கக் கடை மொதலாளி இங்கிட்டு? கோழி பறந்து வந்துருச்சா?" என்றார். தங்கை அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்ப பேரு?"

"என்னா பேரு?"

"என் பேர வெட்டுனா காம்பிராவுக்கு யாரு பேரண்ணே குடுக்குறது? அம்மாவுக்கு இனி ஏலாது." நேராகப் பார்த்தாள். "நீ பதியிறியா?"

அந்தக் கேள்விதான். பூண்டு உரித்த அன்றைக்குக் கேட்கவேண்டியது.

பதிந்திருக்கலாம். ஆண்களுக்கும் வேலை இருந்தது. தேயிலைச் செடிக் கவ்வாத்து வெட்டு, மருந்தடிப்பு, வடிகான் வெட்டு எல்லாம் இருந்தது. ஒரு வருடம் காலையில் பெரட்டுக்குப் போயிருந்தால் பகல் இரண்டு மணிக்கு வேலை முடியும். அம்மா காலையில் கடையைத் திறக்க, நான் மூன்றரை மணிக்குப் படியேறியிருக்கலாம். இறங்கி வருகிற சனம் பின்னேரம்தான் அதிகம். இதையெல்லாம் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே என் தலை கணக்குப் போட்டுவிட்டது. முடியாது என்று ஒன்றுமில்லை. கூடவே இன்னொன்றையும் கண்டேன். கான் வெட்டுகிற மண்வெட்டியோடு நான் நிற்கிறேன், இரும்புக் கடை முதலாளி தன் வேனில் அந்த ரோட்டால் போகிறார், கண்ணாடியை இறக்கி என்னைப் பார்க்கிறார்.

நான் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

வரிசை இரண்டு பேர் முன்னால் நகர்ந்தது. தங்கை கூடையைக் கொஞ்சம் ஏற்றி, கயிற்றைத் தலையில் சரிசெய்தாள்.

"சரிண்ணே. நீ போ. கடையில அம்மா தனியா நிக்கும்" என்றாள்.

போனேன். நோர்வூட்டில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சரியான வெட்கம் வந்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். பஸ் அரை மணி நேரம் அங்கேயே நின்றது. கொண்டக்டர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். இறங்கவில்லை.

மாதம் முடிந்து ஒரு புதன்கிழமை ஆசிரியர் வந்தார். உட்காரவில்லை. "அந்த நோட்ஸ் கட்டைத் தாரும் தம்பி. வேற பிள்ளையளுக்கு உதவும்" என்றார். அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு மூலையில் எலி கடித்திருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். அம்மா மனசு கேட்காமல் ஆறு றெக்கையைப் பையில் போட்டு நீட்டினார். அவர் வாங்கி, பையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இது யாற்ர கொப்பி?" என்று என்னைக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. அன்றிலிருந்து கடையில் வெள்ளைத்தாள் பைதான். கைகழுவிய மாதிரி.

கடை தோற்றிருந்தால் எனக்கு ஒரு சாட்டாவது கிடைத்திருக்கும். தோற்கவில்லை. இரண்டாயிரத்து இரண்டில் கீழ்த்தெருவில் பெரிய இடத்துக்கு மாறினேன். டவுனில் வீடும் பார்த்தேன், அம்மாவும் நானும் இருக்க. தங்கை வரவில்லை. அதற்குள் அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு, அதே காம்பிராவில், அதே பேரில் இருந்துவிட்டாள். நல்ல மனிதர். என்னை மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நான் லயத்துக்குப் போவேன். ஒரு பெரிய டப்பா நிறைய றெக்கை கொண்டுபோவேன். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் ரோட்டிலேயே டப்பாவைப் பிடுங்கிக்கொள்ளும். பெரியவள் இப்போது மூன்றாம் வகுப்பு. தங்கை அந்த றெக்கையைத் தின்று நான் பார்த்ததில்லை. "பிள்ளைங்க தின்னட்டும்" என்பாள்.

போன மாதம் போனபோது டப்பா மூடி கழன்று எண்ணெய் வழிந்திருந்தது. இஸ்தோப்பில் வைக்கப் போனேன். தரை கறையாகிவிடும் என்று கீழே போட ஏதாவது தாள் தேடினேன். சுவர் ஓரத்தில் பிள்ளைகளின் பழைய கொப்பிகள் அடுக்கி, மேலே ஒரு கல் வைத்திருந்தது. மேலே இருந்த ஒன்றை எடுத்தேன். முதலாம் வகுப்புக் கொப்பி, அட்டை போய்விட்டது, எல்லாப் பக்கமும் எழுதி முடிந்தது. நடுத்தாளைக் கிழிக்கப் பிடித்தேன்.

தங்கை உள்ளேயிருந்து வந்து என் கையிலிருந்து கொப்பியை எடுத்துக்கொண்டாள். கோபமில்லை. பிள்ளையின் கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி.

"அது வேணாண்ணே."

"எழுதி முடிஞ்சதுதானே பாப்பா?"

"முடிஞ்சாலும் இருக்கட்டும்" என்றாள். கொப்பியை அதே இடத்தில் வைத்து, கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பேப்பரைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். நான் டப்பாவை அதன் மேல் வைத்தேன்.